சிரட்டையால் மூடிய மவுஸ்

இன்று காலை கடையைத் திறந்து மேசையைத் துடைத்தபோது உன் சிரட்டை கையில் பட்டது. கணினி மவுஸை மூடி வைப்பதற்காக நீ வீட்டிலிருந்து கொண்டுவந்த அதே பெரிய தேங்காய்ச் சிரட்டை. மூடினால் வயர் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பண்டத்தரிப்புச் சந்தியில் போட்டோக்கொப்பி எடுக்க வருகிறவர்கள், "உதுக்குள்ளை என்ன பிள்ளை வளக்கிறியள்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நீ சிரிக்க மாட்டாய். "கடிக்கிற சாமான். கை வையாதேங்கோ" என்பாய்.

அதைக் குப்பையில் போடச் சொல்லி உன்னோடு எத்தனை தரம் சண்டை பிடித்திருப்பேன்! இன்று யாராவது அதை எறிய வந்தால் அவர்கள் கையை முறிப்பேன்.

உனக்கு ஒரு செய்தி சொல்லவேண்டும். நம் ஊர் இணையத்தளத்தின் விளம்பரக் கணக்கு பறிபோகப் பார்த்தது. கள்ளன் யாரும் வரவில்லை. உன் அண்ணர்தான்.

ஊரில் யார் இறந்தாலும் அறிவித்தலை இலவசமாகப் போடுவது என்றுதான் நாம் அந்தத் தளத்தைத் தொடங்கினோம். "செத்தவீட்டுக்காரரிட்டையும் காசு கேட்டா நாங்கள் என்னடி சனம்?" என்றாய். தளத்தின் வாடகையை, ஒரு இணைய விளம்பரக் கொம்பனி பக்க ஓரத்தில் போடுகிற விளம்பரங்கள் தந்தன. அந்த விளம்பரங்கள் நின்றால், கூலிக்கு வெங்காயத் தோட்டம் கொத்துகிற ஏழை வீட்டிலும் நாம் கை நீட்டவேண்டிவரும். அதனால்தான் அந்தக் கணக்கைக் கண்ணுக்குள் வைத்துக் காத்தாய். கணக்கு என் பெயரில் இருந்தது. கட்டளை எல்லாம் உன்னுடையது.

சுவிஸிலிருந்து விடுமுறையில் வந்த ஐயாவை நினைவிருக்கிறதா? தன் தமையனின் மரண அறிவித்தலைக் கொடுக்க வந்தவர், நீ அந்தப் பக்கம் திரும்பியதும் உன் கதிரையில் உட்கார்ந்து விளம்பரங்களை ஒவ்வொன்றாகத் தட்டத் தொடங்கினார். "இதை அமத்தினா பிள்ளையளுக்கு ஏதோ வருமாமே!" என்று ஒரே பாசம். நீ ஓடிவந்து மவுஸைப் பறித்தாய்.

"ஐயா, உது உதவியில்லை, களவு. சாமான் வாங்க வாற ஆளுக்குத்தான் விளம்பரம் குடுத்தவன் காசு கட்டுறான். அவனும் எங்களை மாதிரி ஒரு கடைக்காரனாயிருப்பான். கொம்பனி கண்டால் எங்கடை கணக்கை மூடிப்போடும்."

அவர் முகம் கறுத்துப்போனது. "சொந்தச் சனத்தோடை இப்பிடியே கதைக்கிறது?" என்று போய்விட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா என்று உன்னை ஏசினேன். அடுத்த நாள் நீ சிரட்டையோடு வந்தாய். கதைத்தால்தானே கோபம், இது கதைக்காது என்றாய்.

வீதி விபத்தில் ஒரு பெடியன் இறந்த நாளும் நினைவில் நிற்கிறது. இரத்தத்தோடு கிடந்த படத்தை ஒருவர் நமக்கு அனுப்பியிருந்தார். மற்றத் தளங்களில் அது ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. போட்டால் சனம் குவியும். அப்படிப்பட்ட படத்தின் பக்கத்தில் விளம்பரம் வரக்கூடாது என்பது கொம்பனியின் விதி. நீ விதியைப் பற்றிக் கதைக்கவேயில்லை. "உதைத் தாய் பாப்பா" என்று மட்டும் சொல்லி அழித்துவிட்டாய். அவனுடைய பாடசாலைப் படத்தைத் தேடி எடுத்துப் போட்டோம். மரண அறிவித்தல் பக்கங்களில் விளம்பரமே வேண்டாம் என்று நீ முடிவெடுத்ததும் அன்றுதான்.

உன் அறிவித்தலையும் அப்படியே போட்டேன். கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைப் பெட்டியில் கொண்டுவந்த அன்று, நீ உட்காரும் கதிரையில் உட்கார்ந்து உன் பெயரைத் தட்டச்சுச் செய்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்க நீ இல்லையே என்ற கோபம்தான் முதலில் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது.

கீரிமலையில் உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள், கணக்கைத் திறந்து பார்த்தேன். மற்றப் பக்கங்களில் விளம்பரக் கிளிக்குகள் மலைபோல ஏறியிருந்தன. எல்லாம் ஒரே நாட்டிலிருந்து. கனடாவிலிருக்கும் நம் பாடசாலைத் தோழி ஒருத்தி ஒரு குரல் செய்தியை அனுப்பியிருந்தாள். அங்குள்ள ஊர்ச்சங்கத்தின் வாட்ஸப் குழுவில், அங்கேயே இருக்கும் உன் அண்ணர் போட்டது.

"தங்கச்சியின்ரை அந்தியேட்டி. சாப்பாடு குடுக்க நாங்கள் ஊரிலை இல்லை. அவவின்ரை தளத்துக்குப் போய் எல்லாரும் விளம்பரங்களை அமத்துங்கோ. அதுதான் அவவுக்கு நாங்கள் செய்யிற தர்மம்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிவது என்றால் இதுதான்.

நான் அழுதுகொண்டிருக்கவில்லை. தளம் முழுவதும் விளம்பரங்களை நிறுத்தினேன். நடந்ததை ஒளிக்காமல் கொம்பனிக்கு எழுதினேன். பிறகு உன் அண்ணருக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, உடனை நிப்பாட்டச் சொல்லுங்கோ. கணக்குப் போகப்போகுது."

"என்ன பிள்ளை கதைக்கிறாய்? நல்லதுக்குத்தானே செய்தனாங்கள்?"

"ஓம் அண்ணை, நல்ல மனசுதான். ஆனால் கொம்பனிக்கு உது கள்ளக் கிளிக். உயிரோடை இருந்திருந்தால் உங்களை அவ விட்டிருப்பாவே?"

அவர் குரல் உடைந்தது. "எனக்கு இங்கை இன்னும் விசா கிடைக்கேல்லை, செத்தவீட்டுக்கு வரேலாமல் போச்சு. அவளுக்கு ஒரு பிடி வாய்க்கரிசி போடேல்லை நான். வேறை என்னத்தைப் பிள்ளை நான் செய்யிறது?"

நான் விட்டுக்கொடுக்கவில்லை. "ஒண்டையும் அமத்தாமல் இருங்கோ அண்ணை. அவவுக்கு நீங்கள் போடுற வாய்க்கரிசி அதுதான்."

போனை வைத்துவிட்டார். அன்று பின்னேரமே குழுவில் அவர் குரல் வந்தது. "ஒருதரும் அமத்தாதேங்கோ. தங்கச்சிக்கு உது விருப்பமில்லை."

கொம்பனி கணக்கை மூடவில்லை. அந்தக் கிளிக்குகளை எல்லாம் கழித்துவிட்டு, விளம்பரங்களைக் கொஞ்சக் காலத்துக்கு மட்டுப்படுத்தியிருக்கிறது. எப்போது பழையபடி வருமோ தெரியாது. அதுவரை தளத்தின் வாடகையைப் போட்டோக்கொப்பி மெசின் கட்டட்டும். சுகமான வேலையில்லைதான், ஆனால் நீ கட்டிய வேலியை நம் சனமே பாசத்தால் பிடுங்க நான் விடப்போவதில்லை. இனி அறிவித்தல் கொடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும், அழுகிறவரிடமும்கூட, விளம்பரத்தைத் தொடவேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். உன் வாய் எனக்கு வந்துவிட்டதாக ஊரில் கதைக்கிறார்கள். கதைக்கட்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் ஒரு அம்மா வந்தார். மாதகலில் கடற்றொழில் செய்த அவருடைய மனிசன் விடிய மோசம்போனாராம். கைக்குள் ஒரு படத்தைப் பொத்திப் பிடித்திருந்தார். மற்றக் கையில் மடித்த தாள்காசு.

"எவ்வளவு பிள்ளை?"

"காசில்லை அம்மா. பேரைச் சொல்லுங்கோ."

சிரட்டையைத் தூக்கினேன். பெயரைப் போட்டேன். அவரிடம் வாசித்துக் காட்டி, பிழையில்லை என்று உறுதிசெய்தபின் சிரட்டையால் மவுஸைத் திரும்ப மூடினேன்.