ஏரிக்கடியில் போன இளவரசி

சனி, நவம்பர் 2
விடியலிலிருந்து தூறல். பத்து மணிக்கு சுகந்தி வீட்டு வாசலில் ஆதிராவைக் காரில் ஏற்றினேன். சுகந்தியும் நானும் பிரிந்து இரண்டு வருடம். வாசலைத் தாண்டி எனக்கு உள்ளே இடமில்லை. மகளுக்கு எட்டு வயது. வாரத்தில் சனிக்கிழமை மட்டும் என்னுடையவள்.

மில்லிக்கனில் நான் வாடகைக்கு இருக்கும் பேஸ்மென்ட் வீடு. சூப், பாண், பிறகு கதை. நூலகம் கழித்துவிட்ட தடித்த புத்தகம், விக்டோரியா ராணி காலத்தது. இளவரசி ஏரிக்கடியில் இருக்கும் நாட்டுக்குப் போய்விடுகிறாள். தகப்பன் ராசா கரையில் காத்திருக்கிறார். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்கிறேன்.

"பிறகு அவள் வருவாளா அப்பா?"

"ஓம். கிழமைக்கு ஒருக்கா மேல வருவாள். தகப்பனைப் பார்க்க."

புத்தகத்தில் அப்படி இல்லை. அவள் வருவதே இல்லை. பக்கத்தைப் புரட்டினேன்.

செவ்வாய், 5
வேலை. முதுகு நோவு. வாங்க வேண்டியவை: பால், முட்டை, பல்ப்.
புத்தகத்தைக் காணவில்லை. அவளுடைய பையோடு போயிருக்கிறது. சுகந்திக்கு மெசேஜ் போட்டேன். பதில்: "இங்கதான். நாங்கள் வாசிக்கிறம்."
நாங்கள். அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே தேநீரை ஆறவிட்டேன்.

வியாழன், 7
மத்தியானம் சுகந்தி போன் எடுத்தாள்.
"அடுத்த கிழமையில இருந்து சனிக்கிழமையில நீச்சல் வகுப்பு. இனி ரெண்டு கிழமைக்கு ஒருக்கா கூட்டிக்கொண்டு போங்கோ."
"அவளிட்டக் கேட்டனீரா?"
"அவள்தான் கேட்டவள்."
வைத்துவிட்டாள். திருப்பிச் சொல்லியிருக்கக்கூடிய பதில்கள் இரவு இரண்டு மணிக்குத்தான் வந்தன. எல்லாம் கேவலமானவை.

சனி, 9
முதல் பனி. காரில் ஏறியதும் ஆதிரா தொடங்கினாள்.

"அப்பா, நீங்கள் பொய் சொன்னனீங்கள். அவள் திரும்பி வரவே இல்லை. அம்மா கடைசிவரைக்கும் வாசிச்சவ."

"தகப்பன் பாவம் எண்டு மாத்திச் சொன்னனான்."

"பட் அவள் அங்க ஹப்பியா இருந்தவள். அதுவும் எழுதிக் கிடக்கு. அதை ஏன் சொல்லேல்லை?"

மூன்று தடவை வாசித்த புத்தகம். அந்த வரி என் கண்ணில் படவில்லை. ராசா வரும் பக்கங்களைத்தான் வாசித்திருக்கிறேன் போல.

உனக்கு அங்கே, அம்மாவோடு, சந்தோசமா என்று கேட்டிருக்கலாம். நீச்சல் உடுப்பு வாங்கியாச்சா என்று கேட்டேன்.
ஓம், வாங்கியாச்சாம். நீல நிறம்.