பிரிட்டோவின் துணிகளை எடுத்து வை

சாணார்பட்டி,
புதன்கிழமை.

அன்புள்ள ஆனந்தமேரி அக்காவுக்கு, தங்கை வினோலியா எழுதுவது. நத்தத்தில் நீயும் மச்சானும் என் பிள்ளை பிரிட்டோவும் சுகமாக இருக்க மாதா துணை நிற்கட்டும்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். முன்பல் மூன்றைப் பிடுங்கிவிட்டார்கள். பேசினால் பாதி காற்றுத்தான் வருகிறது. அதோடு பிரிட்டோ பேச்சை எடுத்தாலே நீ போனை மச்சானிடம் கொடுத்துவிடுகிறாய்.

மாசமாக இருந்தபோதே ஈறில் ரத்தம் கசிந்தது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பல்லில் கை வைக்கக் கூடாது என்று அத்தை சொன்னார், விட்டுவிட்டேன். பிறகு கூழ் ஊட்டும்போது சூடு ஆறிவிட்டதா என்று ஒவ்வொரு கரண்டியையும் என் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் கொடுத்தேன். முறுக்கை மென்று ஊட்டினேன். அவனுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. ஒரு வயதில் ஏழு கிலோ.

டாக்டர் என் வாயைப் பார்த்தார். ஈறில் உள்ள கிருமி எச்சில் வழியாகப் பிள்ளைக்குப் போகும், அவன் வயிறு கெட இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். “பல்லு சரியாகுற வரைக்கும் உன் வாய் பட்டத அவனுக்குக் குடுக்காதம்மா” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அத்தையோ, “தாய் எச்சியே பிள்ளைக்கு வெசமாம்ல” என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பிரிட்டோ அப்பாவும் அவரைத் தடுக்கவில்லை. பயந்துபோய் உன் கையில் கொடுத்தேன். நாலு மாதம் ஆகிறது.

இப்போது ஒன்பது கிலோ என்று மச்சான் சொன்னார். கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். வீட்டுக்கு வந்து உன் மேல் பொறாமைப்பட்டு அழுதேன். பொய் சொல்ல மாட்டேன்.

நேற்று டாக்டரிடம் போனேன். பிள்ளை நத்தத்தில் இருக்கிறான் என்றதும் திகைத்துப்போனார். “நான் எப்பம்மா பிரிக்கச் சொன்னேன்?” என்றார். ஈறு ஆறிவிட்டதாம், அவனுக்குத் தனிக் கரண்டி வைத்தால் போதுமாம். நாலு மாதம் வீணாகப் போனதே என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளைக்காக நீ நேராத நேர்ச்சை இல்லை. உன் கையில்தான் அவன் தேறினான், சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நான் கையை நீட்டியபோது உன் தோளில் முகம் புதைத்து உன்னை அம்மா என்றான். நீ திருத்தவில்லை. நான் அப்படியே பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை வருகிறோம். அவன் துணிகளை எடுத்து வை. நீ அழுதால் நான் வெறும் கையோடு திரும்பிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் அழாதே அக்கா.

இப்படிக்கு,
உன் தங்கை,
பிரிட்டோவின் அம்மா,
வினோலியா