கப்பலின் இடது பக்கம்

இஞ்சேருங்கோ,

கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். எழுதும்போதும் உங்கள் பெயரைப் போடக் கை கூசுகிறது.

நீங்கள் பலகையில் செய்துகொண்டிருந்த சின்னக் கப்பல், வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ற் மேசையில் அப்படியே நிற்கிறது. வலது பக்கம் முழுதாய் முடிந்து, வெள்ளையும் சிவப்புமாய். இடது பக்கம் வெறும் பலகை. பார்க்க முடியாமல் அந்தப் பக்கத்தைச் சுவரோடு திருப்பி வைத்தேன். பிறகு அது சரியில்லை என்று பட்டது, பழையபடி வைத்துவிட்டேன்.

ஒரு கப்பலிலும் ஏறியறியாத மனிதர் நீங்கள். மில்லிக்கன் பிளாசாக் கடைத்தொகுதியில் தலைமயிர் வெட்டப் போன இடத்தில், சுவரில் தொங்கிய படத்தில் அந்த நீராவிக் கப்பலைக் கண்டு வந்தீர்கள். இரண்டு விலாவிலும் ஆளுயரத்தை மிஞ்சிய சக்கரங்கள் சுழன்று தண்ணீரைத் தள்ள, ஒரு காலத்தில் நாங்கள் இருக்கும் இந்த நகரத்துப் பெரிய ஏரியில் ஆட்களை ஏற்றித் திரிந்த கப்பல். மிசிசாகாவில் வேலை முடிந்த களைப்போடு நூலகம் நூலகமாகப் போய்ப் படங்களைப் பிரதி எடுத்து வந்தீர்கள். ஒன்று மட்டும் முன்னால் நின்று எடுத்தது; மற்ற எல்லாவற்றிலும் வலது பக்கம்தான்.

உங்கள் தம்பி குகன் கேட்டான்: "அண்ணை, மற்றப் பக்கமும் உப்பிடித்தானே இருக்கும்? இதைப் பாத்துச் செய்யுங்கோவன்."

"இல்லையடா. முன்னாலை நிண்டு எடுத்த இந்தப் படத்தைப் பார். இடப்பக்கம் ஒரு ஏணி தெரியுது. வலப்பக்கம் அது இல்லை. இன்னும் என்னென்ன இருந்ததெண்டு ஆருக்குத் தெரியும்? தெரியாததைச் செய்யேலாது."

அதோடு பசைப் போத்தலை மூடிவிட்டு, இடது பக்கப் படம் எங்கேனும் உண்டா என்று ஊர் ஊராக விசாரித்து எழுதத் தொடங்கினீர்கள். ஜனவரியில் ஒரு காலை, கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டு நின்றவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். சப்பாத்துப் போடாமலே ஓடிவந்தேன். அதற்குமேல் என்னால் என்ன செய்ய முடிந்தது?

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு ஒரு ரெலிபோன் வந்தது. பழம்பொருட்கள் வைத்திருக்கும் ஏரிக்கரை நூதனசாலை ஒன்றில் வேலை செய்யும் பெண், உங்களைக் கேட்டார். நீங்கள் தேடிய இடது பக்கப் படம் கிடைத்துவிட்டதாம். நீங்கள் இல்லையென்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. "யெஸ், கமிங்" என்று வைத்துவிட்டேன்.

மகள் சுதாதான் கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பெண் வெள்ளைக் கையுறையோடு படத்தை எடுத்து வைத்தார். கப்பல் இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. நான் பார்க்கிறேன், நீங்கள் பார்க்கவில்லையே என்றுதான் நினைத்தேன்.

சுதா குனிந்து பார்த்தாள். "அம்மா, சக்கரத்துக்கு மேலை எழுதியிருக்கிற பேரை வாசியுங்கோ."

"ஒண்டும் விளங்கேல்லைப் பிள்ளை. என்ன பாசை?"

"இங்கிலீஷ்தான். கண்ணாடியிலை பாக்கிற மாதிரி மாறிக் கிடக்கு. இது அப்பாவிட்டை இருக்கிற அதே படம். நெகட்டிவ்வைத் திருப்பி வைச்சுப் பிரிண்ட் பண்ணிட்டினம்."

அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டார். கப்பலின் வரைபடம் ஒன்றையும் தேடி எடுத்துவந்து விரித்தார். அதிலும் ஒரு பக்கம்தான். கப்பல் கட்டுகிறவர்கள் ஒரு பக்கத்தைத்தான் கீறுவார்களாம். பிறகு, நீங்கள் ஏன் வரவில்லை என்று கேட்டார். சுதா சொன்னாள். அவர் படத்தைப் பிடித்தபடியே நின்றார். மூன்று பெண்கள், ஒருவருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

போன கிழமை குகன் வந்து மேசையடியில் கனநேரம் நின்றான். "அண்ணி, ஆண்டுத் திவசத்துக்கு முதல் நான் முடிச்சு விடட்டோ? வலப்பக்கத்தைப் பாத்துச் செய்தால் ஆருக்கும் விளங்காது."

"அவருக்கு விளங்கும் தம்பி" என்றேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேலே ஏறிப் போனான்.

சுதா இன்னும் சில ஊர்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். படம் வந்தால் அதைப் பார்த்துச் செய்ய எனக்குத் தெரியாது. வராவிட்டால் என்ன செய்வதென்றும் தெரியாது. தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறேன். அவ்வளவுதான் முடிகிறது. வந்தாலும் யாரிடம் ஓடிப்போய்க் காட்டுவேன்?

ஒன்றை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன். நான் இருக்குமட்டும் அந்தப் பலகையில் பொய்யாய் ஒரு யன்னல் வைக்க ஒருவரையும் விடமாட்டேன்.

உங்கள் மனைவி,
சுதாவின் அம்மா