வெட்டாத படம்

மார்ச் 4

என் வாயாடிக்கு,

நானும் தையல் மெஷினும் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது என்று கடிதத்துக்கு மாறியது நல்லதாகப் போயிற்று. நீ செய்துகொண்ட கல்யாணத்தைப் பற்றி நான் கேட்க மாட்டேன், நீயும் எழுதக் கூடாது. அந்தப் பேச்சு அப்படியே இருக்கட்டும்.

நான் தைக்கும் பைகளை இன்ஸ்டாகிராமில் போடச் சொன்னாயே, எல்லாவற்றையும் அடுக்கி ஒரே படமாகப் போட்டேன். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மாடி வீட்டுக்காரி தன் செருப்பைப் படம் எடுத்துப் போட்டால் ஊரே லைக் போடுகிறது. அது எப்படி?

அம்மா

மார்ச் 15

அன்புள்ள அம்மா,

கோபித்துக்கொள்ளாதே, உன் படம் சந்தைக்கடை மாதிரி இருக்கிறது. ஒரு பை போதும். அதையும் நட்டநடுவில் வைக்காதே, கொஞ்சம் தள்ளி வை. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். ஒரு பக்கம் கனமாகத் தெரிந்தால் மறுபக்கம் ஒரு நூல்கண்டை வை, சரியாகிவிடும்.

பாலத்தில் எடுத்த என் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இளைத்திருக்கிறேனா, சொல்.

உன் வாயாடி

மார்ச் 28

வாயாடி,

நீ சொன்னபடியே சிவப்புப் பையை வைத்து எடுத்தேன். முன்பின் தெரியாதவர்கள்கூட விலை கேட்கிறார்கள். இப்போது எதைப் பார்த்தாலும் கண் எடை போடுகிறது. பல் டாக்டர் அறையில் மாட்டியிருந்த படம் கோணலாக இருந்தது. வாயைத் திறந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். “பல்லப் பிடுங்கவா, படத்த நிமித்தவா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

உன் படத்தையும் பார்த்தேன். இளைக்கவில்லை. ஆனால் வலது ஓரத்தை ஒட்டிச் சாய்ந்து நிற்கிறாய், இடது பக்கம் பாலம் முழுக்கக் காலி. நீ முன்பு அனுப்பிய படங்களிலும் அதே சாய்வு. எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் இப்படியா எடுப்பாள்?

அம்மா

ஏப்ரல் 9

அம்மா,

அந்த ஓரத்துக்கு அப்பால் அவர் நிற்கிறார். எழுதக் கூடாது என்றால் படமும் கூடாது என்று நினைத்து ஒவ்வொரு முறையும் அவர் பக்கத்தை வெட்டித்தான் அனுப்பினேன். “வெட்டிடு, அம்மா பாத்து வருத்தப்பட வேணாம்” என்று அவரே சொல்வார். எனக்குத்தான் தாங்கவில்லை.

வாயாடி

ஏப்ரல் 21

என் கண்ணுக்கு,

இரண்டு நாள் உர்ரென்று இருந்தேன். பிறகு கோபம் எங்கே போயிற்று என்று தேடினால் அழுகைதான் வந்தது.

மாப்பிள்ளைக்கு ஒரு தோள்பை தைக்கத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். வாரை எவ்வளவு நீளம் விடுவது என்று தெரியாமல் மெஷின் சும்மா கிடக்கிறது. தலை முதல் கால் வரை தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்பு.

அம்மா