நாற்பத்தொன்றாம் பக்கம்

செவ்வாய்க்கிழமை

லேப்லேருந்து வீட்டுக்கு வர்ற பஸ்ல, கோபத்துல காட்டுப்பாக்கத்துல இறங்காம அடுத்த ஸ்டாப் வரைக்கும் போயிட்டேன்.

எட்டு மாசமா கல்லீரல் புற்றுநோய் செல்லுன்னு நம்பித்தான் லேப்ல கீழாநெல்லிச் சாறு விட்டு டெஸ்ட் பண்றேன். அந்த செல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கும்பலா வளரும். இன்னிக்கு மைக்ரோஸ்கோப்புல பார்த்தா தனித்தனியா பரவிக் கெடக்கு. அதே லேப்ல வளர்க்கிற கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் செல் இதுல கலந்திருக்கணும். செல் வளர ஊத்துற சத்து திரவம், அந்த மீடியாவை மிச்சம் பிடிக்கிறேன்னு ரெண்டு செல்லுக்கும் ஒரே பாட்டில்லேருந்து ஊத்தினது நான்தான். அதையும் சேர்த்தே லேப் நோட்டுல நாற்பத்தொண்ணாம் பக்கத்துல பேனாவால எழுதிட்டேன்.

கைடு சார் படிச்சாரு. "லேபிள்ல கல்லீரல்னுதானேம்மா இருக்கு? யாரு பாக்கப்போறா? இந்தப் பக்கத்தைக் கிழிச்சிடு."

"பக்கத்துக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கு சார்."

"அப்போ உன் தீசிஸ்?"

"புது செல் வாங்கிக் குடுங்க. மொதல்லேருந்து செய்யறேன்."

அவர் எழுந்து போயிட்டாரு.

ராத்திரி சோறு போடும்போது அம்மா, "இந்த வருஷம் படிப்பு முடிஞ்சிடும்ல?"ன்னாங்க. முடியாதும்மான்னேன். அவங்க முகத்தைப் பார்க்க முடியல. ஆனாலும் நான் கிழிக்க மாட்டேன். வேணும்னா அவரே கிழிக்கட்டும். கிழிச்சது யாருன்னு நாற்பத்திரெண்டாம் பக்கத்துல எழுதறேன்.