நான் செய்யாத ஸதகா

உம்மாவின் கடைக்குட்டி, எங்கள் எல்லோருக்கும் செல்லம், என் தம்பி ஹஸீபுக்கு,

உன் கப்றுக்குழியை அல்லாஹ் விசாலமாக்கி வைக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம். உம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான். உன் மச்சான், என் வீட்டுக்காரர், அந்தப் பழைய மோட்டார் சைக்கிளை விற்க மனமில்லாமல் இன்னும் கராஜுக்கும் வீட்டுக்குமாகத் தள்ளிக்கொண்டு திரிகிறார். என் மகள் நிஸ்ரின் உயர்தர வகுப்புக்கு வந்துவிட்டாள். எழுத வேண்டியதைத் தள்ளிப்போடத்தான் இதையெல்லாம் முதலில் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும்.

சொல்லிவிடுகிறேன். நீ செய்த கணினி விளையாட்டை நான் இலவசமாகக் கொடுத்துவிட்டேன். ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், உலகத்தில் யார் கேட்டாலும். அதற்காக ஊர் என்னைப் புகழ்ந்தது. அந்தப் புகழ்தான் என்னை வெளியே தலைகாட்ட முடியாமல் செய்தது.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நீ பொறுத்துக்கொள். உன் விளையாட்டில் நோன்பு மாதத்தின் ஒரு பின்னேரம். பள்ளிவாசலில் கஞ்சிப் பானையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, நோன்பு திறக்கும் மஃரிப் வாங்கு சொல்வதற்குள் ஒவ்வொரு வீடாகப் போய் ஊற்றிக்கொடுக்க வேண்டும். சந்தைச் சனம், குறுக்கே வரும் மாடு, முடிவே இல்லாத ஒழுங்கைகள், எல்லாம் நம்முடைய கல்முனைதான். வேகமாகத் திருப்பினால் கஞ்சி சிந்தும். சிந்தினால் நீ பதிவு செய்து வைத்த உம்மாவின் குரல் ஏசும்: “மெதுவாப் போடா, நோன்பு வாயோட ஏச வைக்காத!” ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உன் குரல் கேட்கும்: “வந்திட்டன்! கோப்பையக் கொண்டு வாங்க!” இசை, உன் கூட்டாளி, தம்பிலுவில் ஊர் சுகந்தன் போட்டது.

அந்த விளையாட்டு இணையக் கடையில் ஏறி ஒரு நோன்பு மாதம்தான் போனது. பிறகு உன்னை டெங்கு கொண்டுபோய்விட்டது. கடையிலிருந்து வரும் கடிதங்களைப் பார்க்க ஒருவர் வேண்டுமே. உயர்தரப் பிள்ளைகளுக்கு வணிகக் கல்வி படிப்பிக்கிறவள், ஆங்கிலம் தெரிந்தவள் என்று எல்லோருமாக உன் மடிக்கணினியை என்னிடம் தந்தார்கள்.

நீ இருந்தபோது இந்தக் கடைகளைப் பற்றி நீ சொல்வதை நான் காதிலேயே போட்டுக்கொண்டதில்லை. பிறகுதான் படித்தேன். நீ விளையாட்டை ஏற்றிய முதல் கடைக்கு ஒரு விதி இருக்கிறது. வேறு கடையில் மலிவாக விற்றால், தங்கள் ஆட்களுக்கும் அதே போல விலை குறைத்துத் தர வேண்டும் என்கிறார்கள். அதற்குப் போட்டியாக வந்த மற்றக் கடை, சனத்தைத் தன் பக்கம் இழுக்க, கிழமைக்கு ஒரு விளையாட்டைச் சும்மா கொடுக்கிறது. எடுத்தவருக்கு அது எப்போதும் சொந்தம். ஆனால் செய்தவர் சும்மா கொடுப்பதில்லை. கடை அவருக்கு முன்கூட்டியே ஒரு தொகை கொடுத்துவிடும்.

அந்த மற்றக் கடைதான் எனக்கு எழுதியது. கடிதத்தைப் பார்த்ததும் என் மனதில் வந்தது நீ இல்லை, தம்பி. நிஸ்ரினின் கல்யாணத்துக்குக் கொடுக்க என்று நாங்கள் கட்டத் தொடங்கிய வீடுதான் வந்தது. சுவர் எழும்பி, மேலே கொங்கிறீட் போட வழியில்லாமல் மழையில் நனைந்துகொண்டிருக்கும் வீடு. பெண் பிள்ளை வளர்ந்துவிட்டாள், வீடு வளரவில்லை என்று எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டிருப்பார்கள்? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். அறிவிப்பு வரும்வரை வெளியே சொல்லக் கூடாது என்று அதில் இருந்தது. இசையில் பங்குள்ளவனிடம் கேட்கக் கூடாது என்று இருக்கவில்லை. ஆனாலும் சுகந்தனிடம் நான் கேட்கவில்லை.

அறிவிப்பு வந்த அன்றைக்கே மச்சானின் தம்பி அதை முகநூலில் போட்டார். உன் படத்தோடு. “மௌத்தான தம்பிட பேரால ராத்தா முழு உலகத்துக்கும் இலவசமாக் குடுத்திரிக்கா. அல்லாஹ் ஸதகாவா ஏத்துக்கொள்ளட்டும்” என்று எழுதியிருந்தார். இறந்த தம்பிக்காக அக்கா செய்த தர்மமாம். அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, “அப்பிடி இல்ல, காசு வாங்கித்தான் குடுத்தன், அழிச்சிடுங்க” என்று சொல்லியிருக்கலாம். எடுத்தேன். “பார்த்தன் தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்கிறாயா? அந்தப் பதிவில் நான் நல்லவளாக இருந்தேன். வேறென்ன சொல்ல?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த மச்சான் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. “இஞ்ச, மவுலவி உங்கட தம்பிக்கு துஆ கேட்டாரு. உங்களயும் சொன்னாரு, இப்படி ராத்தாமார் இரிக்கணும் எண்டு” என்றார். அவருக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் அந்தப் பிரார்த்தனையைச் சொல்லும்போது முகத்தில் பெருமை. உம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதா. “என்ட புள்ள வாழாத வயசுக்கும் சேத்து நன்மை வருகுது” என்றா. பிறகு பெண்கள் வரத் தொடங்கினார்கள். நான் தேத்தண்ணி ஊற்றினேன், வட்டிலப்பம் வைத்தேன், தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அதை அடக்கம் என்று நினைத்தார்கள்.

வகுப்பில் நடந்ததைச் சொன்னால் நீ சிரிப்பாயா, முகத்தைத் திருப்புவாயா தெரியாது. விலை நிர்ணயம் பற்றிய பாடம். முன் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: “டீச்சர், இலவசமாக் குடுத்தா அந்தக் கடைக்கு என்ன லாபம்? உங்களுக்கு என்ன லாபம்?” எவ்வளவு நல்ல கேள்வி! கரும்பலகையில் கீறி விளக்கியிருந்தால் அந்த வருடத்தின் நல்ல பாடமாக இருந்திருக்கும். நான் சொன்னது என்ன தெரியுமா? “எல்லாத்திலயும் லாபம் பாக்க ஏலா மகள்.” அவள் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டாள். வெட்கப்பட வேண்டியவள் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தக் கிழமை முடிவதற்குள் சுகந்தன் வந்தான். தம்பிலுவிலிலிருந்து பஸ்ஸில் வந்து, சந்தியில் உம்மாவுக்கென்று தோடம்பழமும் வாங்கிக்கொண்டு. ஒப்பந்தம் பற்றி நான் எதுவும் சொல்லாததால் என்னுடன் கோபமாக வந்திருப்பான் என்று பயந்தேன். அவன் முகத்தில் கோபமே இல்லை.

“அக்கா, முகநூலில பார்த்தன். முதல்ல எனக்குக் கொஞ்சம் கவலதான், ஒரு வார்த்த சொல்லேல்லையே எண்டு. பிறகு யோசிச்சன். ஹஸீப்ட பேரால தர்மம் எண்டா எனக்கும் அதில பங்கு வேணும். இவ்வளவு நாளும் வித்ததில வர இருந்த என்ட பங்குக் காசும் எனக்கு வேணாம். அதையும் அதோட சேத்துக்கொள்ளுங்க.”

தம்பி, அந்த நேரம் நான் பட்டதை எழுத வராது. ஊர் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டதை நம்பி, அவன் தன் கையில் இருந்ததையும் கொண்டுவந்து வைத்தான். பேசாமல் இருந்தால் அதையும் வாங்கிக்கொண்டவளாவேன்.

“இல்ல சுகந்தன்” என்றேன். “தர்மம் இல்ல. அந்தக் கடை எனக்குக் காசு தந்தது. அது நிஸ்ரின்ட வீட்டுக்குப் பொயித்து. உங்களக் கேக்காமச் செஞ்சது நான்தான்.”

அவன் தோடம்பழப் பையை மேசையில் வைத்தான். பிறகு மெல்லச் சொன்னான்: “அப்ப என்ட பங்கு எனக்கு வேணும் அக்கா. தர்மம் எண்டதாலதான் வேணாம் எண்டன்.”

“ஓம். தந்திடுறன்.”

“ஹஸீப் எண்டா என்னக் கேட்டிருப்பான்.”

அவன் படியிறங்கிப் போன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். உள்வாசலில் உம்மா. எல்லாம் கேட்டிருக்கிறா.

“காசுக்கா குடுத்த?” என்றா.

“ஓம் உம்மா.”

“அப்ப அவன்ட குரலையும் சேத்தா வித்திட்ட?”

அது முதலே கடையில் விற்பனைக்கு இருந்ததுதானே, நீயே விலை போட்டு வைத்ததுதானே என்று சொல்ல வாய்வரை வந்தது. வணிகக் கல்வி டீச்சருக்கு அந்தப் பதில் வராமலா? ஆனால் நீ விற்றது உன் குரலை. நான் விற்றது உன்னுடையதை, என்னுடையதை அல்ல. சொல்லாமல் விட்டேன். உம்மா என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டா.

உண்மையை எழுதப்போகிறேன் என்றபோது மச்சான் தடுத்தார். “இஞ்ச, அல்லாஹ்வுக்குத் தெரியும்தானே. ஊருக்கு என்னத்துக்கு?” என்றார். “துஆவ மவுலவி ஊருக்கு முன்னாலதானே கேட்டாரு” என்றேன். முகநூலில் எழுதினேன். கடை தொகை தந்தது, அதில் மகளுக்கு வீடு கட்டுகிறேன், இது ஸதகா இல்லை, கூட வேலை செய்தவனைக்கூட நான் கேட்கவில்லை என்று நான்கு வரி. சிலர் “இதையும் சொல்ல ஒரு மனசு வேணும்” என்று எழுதினார்கள். ஒருவர், மௌத்தானவன் பெயரில் வியாபாரம் என்று எழுதினார். அதை நான் அழிக்கவில்லை. மவுலவி மச்சானிடம் சொல்லி அனுப்பினாராம்: “தங்கச்சிட்டச் சொல்லுங்க, துஆவ நாங்க ஹஸீபுக்குத்தான் கேட்டம். அது அவருக்குப் போய்ச் சேரும்.” அந்த ஒரு சொல்லில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு அடுத்த வகுப்பில் பதில் சொன்னேன். கடைக்கு என்ன லாபம், எனக்கு என்ன லாபம், முழு விலை கொடுத்து முதல் நாள் வாங்கியவருக்கு என்ன நட்டம், ஒவ்வொன்றாக. பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள், அல்லது என்னைப் பார்க்காமலிருக்க எழுதினார்கள்.

இலவசக் கிழமை முடிந்துவிட்டது. விதிப்படி முதல் கடையிலும் கொஞ்ச நாள் விலையைக் குறைத்துவிட்டு, இப்போது இரண்டிலும் நீ வைத்த விலையே. சுகந்தனின் பங்கை அவன் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். முன்போல வந்து போவதில்லை. நிஸ்ரின் வீட்டுக்கு மேலே கொங்கிறீட் போட்டாயிற்று. ஊரார் பார்க்க வருகிறார்கள். அதன் கீழே நிற்கும்போது எனக்கு நிமிர்ந்து மேலே பார்க்க வருவதில்லை.

நேற்று உம்மா கதைத்தா. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவ, தலை நிமிராமலே கேட்டா: “அதில அவன் என்னமோ கூப்பிடுறானாமே. எனக்கு ஒருக்காக் கேக்க ஏலுமா?” மடிக்கணினியைக் கொண்டுவந்து அவவின் மடியில் வைத்தேன். ஆட்டோ ஓட்ட எனக்குத் தெரியவில்லை. திருப்பத்தில் எல்லாம் கஞ்சி சிந்தியது. உம்மாவின் குரலே உம்மாவை ஏசியது. பிறகு முதல் வீட்டு வாசல். நீ கூப்பிட்டாய், கோப்பையைக் கொண்டு வரச் சொல்லி. உம்மா கீரைக் கையோடு எழும்பப் பார்த்தா.

இது என் வாக்கு, ஹஸீப். இனி எந்தக் கடை எழுதினாலும், கடிதத்தை உம்மாவுக்கு முன்னால் தமிழில் வாசித்துக் காட்டுவேன். சுகந்தனைக் கூட்டி வந்து பக்கத்தில் இருத்துவேன். இரண்டு பேரில் ஒருவர் வேண்டாம் என்றாலும், வேண்டாம் என்றே எழுதுவேன். உன் பெயரால் ஸதகா கொடுப்பதாக இருந்தால் என் சம்பளத்திலிருந்து கொடுப்பேன், யாருக்கும் தெரியாமல்.

என்னைப் பொறுத்துக்கொள்.

உன் ஒரே கூடப்பிறந்தவள்,
ஸரீனா ராத்தா