பிரேக் மிதிக்க மட்டும் நான்

இன்று காலை மர மில்லிலிருந்து தச்சர் வீட்டுக்கே வந்து, நம் காரின் இடது கதவுக்குக் கனம் குறைத்துப் புதிதாக ஒரு சட்டம் இழைத்துப் பொருத்திவிட்டுப் போனார். வாசலெல்லாம் சிவப்புத் தூள். படாக் மரத்தின் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வழக்கம்போல நாலு தும்மல் தும்மினேன். ஐந்தாவதாக உங்கள் மேல் கோபம் வந்தது. நீங்கள் போய் நாலு வருஷம் ஆகிறது. கல்லறைக்குப் பூ கொண்டு வருகிறேன், உங்கள் பேரில் பூசை வைக்கிறேன், எல்லாம் முறையாக நடக்கிறது. இந்தக் கோபம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

நாம் இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்து ஹேடோ குவார்ட்டர்ஸில் குடியேறிய இரண்டாம் வருஷம் அது. மாற்றலாகிப் போகிறவர்கள் தட்டுமுட்டுச் சாமானை யாரும் மெயின்லேண்டுக்குக் கொண்டுபோவதில்லை. கட்டில், மேஜை, கோழிக்கூடு, எல்லாம் இங்கேயே கைமாறிவிடும். மரக் கம்பெனி துரை இங்கிலாந்துக்கே புறப்படுகிறார் என்று தெரிந்ததும், துணி வைக்க ஒரு பீரோ வாங்கி வாருங்கள் என்று உங்களை அனுப்பினேன். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரை இல்லாத ஒரு பச்சைக் காரில் வந்து இறங்கினீர்கள்.

"பீரோ எங்கங்க?" என்றேன்.

"ஏட்டி, பீரோ ஓடுமா?" என்றீர்கள்.

துணியெல்லாம் இன்னும் ஆறு வருஷம் டிரங்குப் பெட்டியில்தான் கிடந்தது. அப்போது இந்த ஊரில் நல்ல ரோடு என்று இருந்ததே சில மைல். அதற்கு ஒரு இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார்! கப்பல் இஞ்சினைப் போல அது உறுமிக்கொண்டு வரும்போது குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எல்லாம் ஓடி வரும். நீங்கள் வேலை பார்த்த மரைன் பட்டறையின் அழுக்குச் சட்டையோடு ராஜா மாதிரி இறங்குவீர்கள்.

உங்களுக்கு அது கார். எனக்கு அது இன்னொரு பிள்ளை, அதுவும் நோஞ்சான் பிள்ளை. கடலோரம் போய்விட்டு வந்தால் உப்புக் காற்று தகரத்தைத் தின்றுவிடும், உடனே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்பீர்கள். கோடையில் குழாயில் தண்ணீர் வருவதே ஒரு மணி நேரம். முதல் இரண்டு வாளி காருக்கு, பிறகு சமையலுக்கு, மீந்ததில் நானும் மகளும் குளிக்க வேண்டும். லீவில் மெயின்லேண்ட் போகிறவர்களிடம் எல்லாரும் நல்லெண்ணெய், கருவாடு, கல்யாணச் சேலை என்று சொல்லி விடுவார்கள். நீங்கள் ஃபேன் பெல்ட் சொல்லி விடுவீர்கள். என் தம்பி நம்மைப் பார்க்க வந்தபோது அம்மா கொடுத்தனுப்பிய எண்ணெய் டின்னை மெட்ராஸ் துறைமுகத்திலேயே மறந்து வைத்துவிட்டு, உங்கள் டயரை மட்டும் கப்பலில் நாலு நாளும் தலைமாட்டில் வைத்துக் காத்துக் கொண்டுவந்து சேர்த்தான். நீங்கள் டயரைக் கட்டிக்கொண்டீர்கள். என் தம்பியை அதற்கப்புறம்தான் வா என்று கேட்டீர்கள்.

கதவுக் கதையை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் காரின் தகரத்துக்கு உள்ளே மரச் சட்டம் என்பதே நமக்குக் கரையான் வந்தபிறகுதான் தெரிந்தது. "நம்ம தீவுல இல்லாத மரமா?" என்று படாக்கில் இரண்டு கதவுக்கும் சட்டம் போட வைத்தீர்கள். தச்சர் ராஞ்சிக்காரர், அன்றே தலையைச் சொறிந்தார். "சாப், ஏ லக்டி பஹுத் பாரி ஹை," என்றார். கனக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கப்பலுக்கும் பாலத்துக்கும் போடுகிற மரத்தைக் கொண்டுபோய்க் கார் கதவில் வைத்தால் கீல் தாங்குமா? அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போகிற வழியில் என் பக்கத்துக் கதவு தொங்கிப்போய், வீடு வருகிறவரை அதைக் கயிறு போட்டு நான் இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். மடியில் மகள், கையில் கயிறு. நீங்கள் சிரித்துக்கொண்டே ஓட்டினீர்கள்.

நானும் சிரித்தேன், இல்லையென்று சொல்லவில்லை. அந்தக் கார் நமக்கு நிறையக் கொடுத்தது. ஒரு கோளாறு சரியானால் அடுத்தது வரும், அதைச் சரிசெய்ய நாம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார வேண்டும். மற்ற வீடுகளில் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ள என்ன இருந்ததோ, நமக்குக் கார்புரேட்டர் இருந்தது. எந்த ஸ்பானர் எந்த நட்டுக்கு என்று உங்கள் பட்டறை ஆட்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சக்கரத்தடியில் படுத்திருக்க, இன்னொருவர் மேலே உட்கார்ந்து மிதிக்க வேண்டும். அந்த மிதிக்கிற ஆள் நான். "அமுக்கு... பிடிச்சிக்கோ... விடு. ஏட்டி, விடச் சொன்னாத்தான் விடணும்!" கார் செங்கல் மேல் நிற்கும். சக்கரம் இருக்காது. அப்போதுதான் எனக்கு அந்த ஸ்டியரிங் இருக்கிற சீட் கிடைக்கும். பதினேழு வருஷத்தில் கார் ஓடாதபோது மட்டும் நான் அதில் உட்கார்ந்திருக்கிறேன்.

கேட்காமல் இல்லை. முதல் வருஷமே கேட்டேன். "பிரேக் சரியாகட்டும்," என்றீர்கள். பிரேக் சரியானது. "மழ முடியட்டும்." இங்கே மழை எப்போது முடிந்திருக்கிறது? பிறகு டயர் தேய்ந்திருந்தது. பிறகு மகளுக்குப் பரீட்சை. ஒரு தடவைகூட முடியாது என்று நீங்கள் சொன்னதில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அன்றே சண்டை போட்டு முடித்திருப்பேன். கடைசியாகச் சொன்னது கிளட்ச் பிளேட். "இந்தக் கப்பல்ல அது வந்துரட்டும், பெறவு நீதான் ஓட்டப்போற," என்றீர்கள். நான் நம்பினேன். கப்பல் அணைகிற ஜெட்டியில் சங்கு ஊதும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நின்றேன்.

கப்பல் புயலில் தாமதமாகி நின்ற வாரம், மீன் வாங்கப் போன நான் நம் பச்சைக் கார் வருவதைப் பார்த்தேன். உங்கள் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த செல்வராஜ் ஓட்டிக்கொண்டு வந்தான். ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகாதவன். நீங்கள் பக்கத்தில், என் சீட்டில், கையை ஆட்டி ஆட்டி அவனுக்குக் கியர் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். என்னைக் கடந்து போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "செல்வராஜுக்கு மட்டும் கிளட்ச் பிளேட் வந்துருச்சோ?"

"அவன் ஆம்பளப் பய, சமாளிச்சிருவான்," என்றீர்கள். அதோடு, "மீன் கொழம்பா?" என்றும் கேட்டீர்கள்.

அன்றோடு நான் கேட்பதை விட்டேன். பிரேக் மிதிப்பதை விடவில்லை. அது என் முட்டாள்தனம்.

ஒரு வாரக் காய்ச்சலில் நீங்கள் போனீர்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் செல்வராஜ் ஒரு நீளக் கயிறோடு வந்தான். நல்ல பையன்தான், கண் கலங்கி நின்றான்.

"மயினி, அண்ணன் ஆஸ்பத்திரியில வச்சு வண்டிய எங்கிட்ட ஒப்படச்சிட்டுத்தான் போனாவ. உங்களுக்கு எதுக்கு வீண் செரமம்? பேட்டரி வீக்கா இருக்கும். ஜீப்புல கட்டி இழுத்துட்டுப் போயிருதேன்."

உங்களுக்குத் தண்ணீர் கொடுத்ததும் நெற்றி துடைத்ததும் நான். அந்த ஒரு வாரமும் உங்கள் பக்கத்திலேயே இருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவனிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதுவரை அழுதுகொண்டிருந்தவள் அந்த நிமிஷத்தோடு அழுகையை நிறுத்தினேன்.

"ஜீப்பெல்லாம் வேண்டாம். ஹேண்டில் போட்டாக் கெளம்பும். நீங்க சுத்துங்க," என்றேன்.

அவன் காரின் முன்னால் போய், இஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற இரும்பு ஹேண்டிலை மாட்டினான். நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து சோக்கை இழுத்தேன். இன்றைக்கும் நான் மிதிக்க மட்டும் உட்காருகிறேன் என்று நினைத்திருப்பான். மூன்றாவது சுற்றில் இஞ்சின் பிடித்தது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றேன். வியர்வையும் ஹேண்டிலுமாக அவன் ஓரமாக நகர்ந்தான். நான் கிளம்பிவிட்டேன். "மயினி! மயினி! கிளட்ச்சு!" என்று அவன் கத்தியது கேட்டது.

அபர்டீன் மேட்டில் இரண்டு தடவை நின்றுபோனது. ஒரு பெங்காலிக் கடைக்காரர் இறங்கித் தள்ளிவிட்டார். கியர் ஒவ்வொன்றும் பல்லைக் கடித்தது. வாயில் அத்தனை மாதாவும் வந்தார்கள். மேடு இறங்கி, கார்பின்ஸ் கோவுக்குப் போகிற கடலோர ரோடு வந்தது. மூன்றாவது கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது.

அப்போதுதான் தெரிந்தது. ரோட்டில் கிடக்கிற சின்னக் கல்கூட ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்து சேருகிறது. வளைவுக்குக் கையைத் திருப்ப வேண்டியதில்லை, நினைத்தாலே வண்டி வளைகிறது. காலை அமுக்கினால் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுகிறார்கள். பதினேழு வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் கண்டதெல்லாம் காற்றும் தூசியும்தான். ஓட்டுகிறவருக்குக் கிடைப்பது முற்றிலும் வேறு. நான் வாய்விட்டுச் சிரித்தேன், தாலி கழற்றி முப்பத்தொரு நாள் ஆனவள். அடுத்த வளைவில் வயிறு எரிந்தது. இவ்வளவு பெரிய சந்தோஷத்தையா மனுஷா, ஞாயிற்றுக்கிழமை தோறும் என் கண் முன்னாலேயே தனியாக அனுபவித்தீர்கள்?

செல்வராஜ் திரும்பி வரவில்லை. ஹேண்டிலை மட்டும் வாசலில் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தான். லைசென்ஸ் எடுத்துவிட்டேன். பிரேக்குக்கு இப்போது மகள் மேலே உட்கார்ந்து மிதிக்கிறாள், நான் கீழே படுக்கிறேன். வேலை முடிந்ததும் ரோட்டில் முதலில் ஓட்டுவது அவள்தான். அதை நான் சட்டமாகவே வைத்திருக்கிறேன்.

பங்குச் சாமியார், இறந்தவர்களை மன்னித்து அனுப்ப வேண்டும் என்கிறார். தண்ணீரை மன்னித்துவிட்டேன். பீரோவை, எண்ணெய் டின்னை, கயிறு பிடித்த கதவை எல்லாம் மன்னித்துவிட்டேன். செல்வராஜுக்காக நீங்கள் என் சீட்டில் இறங்கி உட்கார்ந்தீர்களே, அதை மட்டும் என்னால் முடியவில்லை. அதே சீட்டில் எனக்காக ஒரு நாள், ஒரே ஒரு மைல் உட்கார்ந்திருக்கலாம். நான் நன்றாக ஓட்டுகிறேன். செல்வராஜைவிட, உங்களைவிட நன்றாக ஓட்டுகிறேன். அதைப் பார்க்காமலே போய்விட்டீர்கள்.